மீன் ஆண்டு முடிந்தது, கணக்கு முடிந்ததா?

பங்குனி, சித்திரை மாதங்களில் ஏரி, குளம், கண்மாய்களில் தண்ணீர் மடைமட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதுவரை வெறிச்சோடிக் கிடந்த கரைகளில் ஆள் நடமாட்டம் கூடுகிறது. இழுவலைகள் இறங்குகின்றன. இரண்டு மூன்று நாட்களில் மீன் முழுவதும் பெட்டிகளில் அடைபட்டு வண்டி ஏறிவிடுகிறது. அதன் பிறகு அடுத்த ஐப்பசி மழை வரும்வரை அந்தக் குளத்து மீனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நெல் சாகுபடி செய்யும் விவசாயி அப்படி இருப்பதில்லை. விதை எத்தனை கிலோ, உரம் எத்தனை மூட்டை, ஆள் கூலி எவ்வளவு, கண்டுமுதல் எவ்வளவு என்று களத்துமேட்டிலேயே கணக்குப் பார்த்துவிடுகிறார். மகசூல் குறைந்தால் குருத்துப்பூச்சியா, தண்ணீர்க் குறைவா, விதைக் கோளாறா என்று காரணமும் தேடுகிறார். மீன் விஷயத்தில் மட்டும், "இந்த வருஷம் மீன் சரியில்லை" என்ற ஒரே பேச்சோடு ஆண்டு முடிந்துவிடுகிறது. ஏன் சரியில்லை என்ற கேள்வி எழுவதில்லை. கேள்வி எழாததால் அதே தவறு அடுத்த ஆண்டும் நடக்கிறது.

சுமார் 39,000 ஏரிகள் உள்ள மாநிலம் இது. இவற்றோடு ஊராட்சிக் குளங்களும், ஊருணிகளும், அண்மைக் காலத்தில் வெட்டப்பட்ட பண்ணைக் குட்டைகளும் சேர்ந்திருக்கின்றன. இத்தனை நீர்நிலைகள் இருந்தும் ஒரு சிறு விவசாயிக்கு மீனால் உறுதியான வருமானம் கிடைக்கவில்லை என்றால், குறை தண்ணீரில் மட்டும் இருக்க முடியாது. சென்ற ஓராண்டை ஆடியிலிருந்து வைகாசி வரை மாதவாரியாகத் திரும்பிப் பார்த்தால் எந்தெந்த இடத்தில் மீன் கைநழுவிப் போனது என்பது தெளிவாகும்.

குளம் நிரம்பிய பின் குஞ்சு தேடுவது

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் வடநாட்டு ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட கெண்டைகள். இவை இயற்கையில் ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. குளத்தில் தாமாக இனம் பெருக்குவதில்லை. ஒரு காலத்தில் ஆற்றில் பிடித்த குஞ்சுகளை நம்பித்தான் மீன் வளர்ப்பு நடந்தது. 1957ஆம் ஆண்டு ஒரிசாவில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி, மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இம்மீன்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்து காட்டினார். அந்த வெற்றியின் நினைவாகவே ஜூலை 10ஆம் நாள் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அந்த நாள் தமிழ் ஆண்டில் ஆனி மாதக் கடைசியில் வருகிறது. மீன் பண்ணைகளில் குஞ்சு உற்பத்தி மும்முரமாக நடப்பதும் அந்தப் பருவத்தில்தான். ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஏரிகள் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். குஞ்சு கிடைக்கும் காலத்துக்கும் குளம் நிரம்பும் காலத்துக்கும் இடையே மூன்று, நான்கு மாத இடைவெளி இருக்கிறது. தமிழ்நாட்டுக் குளத்து மீன் வளர்ப்பின் அடிப்படைச் சிக்கல் இதுவே. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

என்ன நடக்கிறது? கார்த்திகையில் குளம் நிரம்பியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் குஞ்சுக்கு ஓடுகிறார்கள். கேட்ட இனம் கிடைப்பதில்லை. கேட்ட அளவும் கிடைப்பதில்லை. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இளங்குஞ்சுகளை, விலை மலிவு என்பதற்காக ஆயிரக்கணக்கில் வாங்கி வந்து பெரிய ஏரியில் கொட்டிவிடுகிறார்கள். அங்கே விராலும், குறவையும், கெளுத்தியும், நீர்க்காகமும், தண்ணீர்ப் பாம்பும் காத்துக்கொண்டிருக்கின்றன. வாங்கிய குஞ்சு அவற்றுக்கு இரையாகிறது.

ஒரு கணக்குக்காக, ஒரு ஏக்கர் குளம் வைத்திருக்கும் இரண்டு விவசாயிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாமவர் 6,000 இளங்குஞ்சுகளை விடுகிறார். பத்தில் ஒன்று பிழைத்தால் 600 மீன். கூட்டம் குறைந்ததால் அவை நன்றாகப் பெருத்து ஒன்று ஒரு கிலோ வந்தாலும் கிடைப்பது 600 கிலோ. இரண்டாமவர் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத 2,000 விரலிகளை விடுகிறார். நான்கில் மூன்று பிழைத்தால் 1,500 மீன். ஒன்று முக்கால் கிலோ என்றாலே 1,125 கிலோ வந்துவிடும். முதலாமவர் எண்ணிக்கையில் மூன்று மடங்கு விட்டு, எடையில் ஏறத்தாழப் பாதியே எடுக்கிறார். இதில் அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் என்று சொல்ல எதுவும் இல்லை.

நெல்லுக்கு நாற்றங்கால், மீனுக்கு?

எந்த விவசாயியும் வயலில் தண்ணீர் கட்டிய பிறகு நாற்றுக்கு அலைவதில்லை. முன்கூட்டியே நாற்றங்கால் விட்டு, நாற்று தயாரான நேரத்தில் வயலைத் தயார் செய்கிறார். மீனுக்கும் இதே முறைதான் வேண்டும். ஆடி, ஆவணியில் இளங்குஞ்சு வாங்கி ஒரு சிறு குட்டையில் இரண்டு, மூன்று மாதம் வளர்த்து, ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது விரலிகளாக விட வேண்டும்.

பண்ணைக் குட்டைகள் இதற்குப் பெரிதும் ஏற்றவை. 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு குட்டையின் பரப்பு 900 சதுர மீட்டர்; ஏறத்தாழ 22 சென்ட். சதுர மீட்டருக்கு 20 வீதம் இதில் 18,000 இளங்குஞ்சுகளை விடலாம். நல்ல கவனிப்பில் நூற்றுக்கு அறுபது பிழைத்தாலும் 10,800 விரலிகள் கிடைக்கும். ஏக்கருக்கு 2,000 வீதம் ஐந்து ஏக்கர் நீர்ப்பரப்புக்கு இது தாராளமாகப் போதும். தேவைக்கு மேல் உள்ளதைப் பக்கத்து ஊருக்கு விற்கலாம்.

ஆடியில் குட்டைக்குத் தண்ணீர் வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் நீர் உரிய காலத்தில் வந்தால் சிக்கல் இல்லை. மற்ற இடங்களில் கிணறோ ஆழ்குழாய்க் கிணறோ உள்ளவர்தான் இதைச் செய்ய முடியும். ஆகவே ஊருக்கு ஒருவர், இருவர் நாற்றங்கால் நடத்தினால் போதுமானது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதை ஒரு தொழிலாகவே எடுத்துச் செய்யலாம்.

நாற்றங்கால் குட்டையைத் தயாரிக்கும் முறை கடினமானதன்று. முடிந்தால் குட்டையை வற்றவைத்து வெயிலில் காயவிட வேண்டும். வற்றவைக்க முடியாவிட்டால் இலுப்பைப் பிண்ணாக்கு இட்டு, இருக்கும் பகை மீன்களை அகற்றலாம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏக்கருக்கு 1,000 கிலோ என்பது அளவு. 22 சென்டுக்கு 220 கிலோ. இதன் நச்சுத்தன்மை நீங்க மூன்று வாரம் ஆகும். பிறகு அதுவே உரமாகிவிடும். ஏக்கருக்கு 100 கிலோ வீதம் சுண்ணாம்பு இட்டு, ஒரு வாரம் கழித்துச் சாணம் கரைத்து ஊற்ற வேண்டும். தண்ணீர் இளம்பச்சை நிறமானதும் குஞ்சு விடலாம். குஞ்சு வந்த பையை அப்படியே கால் மணி, இருபது நிமிடம் குட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் கலந்த பிறகே திறக்க வேண்டும். இந்த இருபது நிமிடப் பொறுமை இல்லாமல் இறந்துபோன குஞ்சுகள் ஏராளம்.

யாரும் பார்க்காத ஆறு மாதம்

குஞ்சு விட்ட நாளிலும் மீன் பிடிக்கும் நாளிலும் கரையில் கூட்டம் இருக்கும். இடைப்பட்ட ஆறு, ஏழு மாதங்களில் குளத்தைப் பார்ப்பவர் இல்லை. மாடு வாங்கித் தொழுவத்தில் கட்டிவிட்டு ஆறு மாதம் கழித்துப் பால் கறக்கப் போகிறவர் உண்டா?

சொந்தக் குளத்தில் வளர்ப்பவர் நாள்தோறும் தீனி போட வேண்டும். கடலைப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் சம அளவில் கலந்து போட்டால் போதும். அளவு முக்கியம். 1,600 மீன்கள் சராசரி 250 கிராம் இருந்தால் குளத்திலுள்ள மொத்த மீன் எடை 400 கிலோ. நூற்றுக்கு இரண்டு வீதம் என்றால் நாளொன்றுக்கு 8 கிலோ தீனி. கண்டபடி அள்ளி இறைத்தால் பாதி சேற்றில் மக்கி, தண்ணீரைக் கெடுக்கும். ஆந்திரத்தின் கொல்லேறு பகுதியில் செய்வதுபோல், துளையிட்ட பைகளில் தீனியை நிரப்பிக் கம்புகளில் கட்டிவிட்டால் வீணாவது குறையும். மீன் தின்கிறதா, இல்லையா என்பதும் மறுநாள் காலையில் தெரிந்துவிடும்.

மாதம் ஒரு முறை வீச்சுவலை போட்டு இருபது, முப்பது மீன்களை எடுத்து எடை பார்க்க வேண்டும். எடை ஏறவில்லை என்றால் அந்த மாதமே காரணம் தேடலாம். சித்திரையில் தெரிந்து பயனில்லை.

மார்கழி, தை மாதங்களின் குளிரில் நோய்க்குக் காத்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு இந்தியாவுக்குள் புகுந்த புண் நோய் விரால், கெண்டை, கெளுத்தி முதலிய மீன்களைப் பெருமளவில் அழித்தது. உடலில் சிவந்த புள்ளிகள் தோன்றி, ஆறாத புண்களாக மாறும். முன்னெச்சரிக்கையாகக் குளிர்காலத் தொடக்கத்திலேயே தண்ணீரில் சுண்ணாம்பு இடுவது நல்லது. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்த சிஃபாக்ஸ் என்ற மருந்தும் இதற்கு உண்டு.

மேகமூட்டமான நாட்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், அது பசியால் அன்று. தண்ணீரில் பிராணவாயு குறைந்ததன் அறிகுறி. அன்று தீனியையும் சாணத்தையும் நிறுத்திவிட்டு, புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அல்லது இறைவைப் பொறியால் குளத்து நீரையே எடுத்துக் குளத்திலேயே விழச் செய்ய வேண்டும். இதைத் தீனிக் குறைவு என்று எண்ணி மேலும் சாணம் கொட்டி, ஒரே இரவில் குளம் முழுவதையும் இழந்தவர்களும் உண்டு.

இன்னொரு அபாயம் வயலிலிருந்து வருகிறது. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்பவை. மருந்து அடித்த வயலின் வடிகால் நீர் குளத்தில் சேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தெளிப்பானைக் குளத்தில் கழுவுவதை ஊர்க் கட்டுப்பாடாகவே தடுக்கலாம்.

தண்ணீர் யாருக்கு?

பாசன ஏரியில் மீன் வளர்க்கும்போது ஒரு பழைய தகராறு ஆண்டுதோறும் தலைதூக்குகிறது. ஆயக்கட்டுக்காரருக்குத் தண்ணீர் மெதுவாக வடிய வேண்டும். பயிர் கதிர் முற்றும்வரை இருக்க வேண்டும். மீன் குத்தகைக்காரருக்குத் தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும். வலை இழுக்க வேண்டும். இரவோடு இரவாக மடையைத் திறந்துவிட்டதாகப் புகார் எழுகிறது. கைகலப்பு வரை போன ஊர்களும் உண்டு.

பாசன ஏரி பயிருக்காகக் கட்டப்பட்டது. மீனுக்காகத் தண்ணீரைத் திறந்துவிடும் உரிமை யாருக்கும் இல்லை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தகராறின் வேர் மனிதர்களின் பேராசையில் மட்டும் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. குத்தகை முறையிலும் இருக்கிறது. குறுகிய காலத்துக்கு அதிகத் தொகை கேட்டு எடுத்தவர், போட்ட பணத்தை எடுக்க அவசரப்படுவார். நல்ல விரலி விடமாட்டார்; அடுத்த ஆண்டு குளம் யாருக்கோ? சீமைக் கருவேல மரங்களையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் அகற்றமாட்டார். செலவு அவருடையது, பயன் அடுத்தவருக்கு. கடைசியில் சின்ன மீன், பெரிய மீன் என்று பாராமல் அரித்து எடுத்துக்கொண்டு போவார். ஓராண்டு வாரத்துக்கு விட்ட நிலத்தில் யாரும் எரு அடிப்பதில்லை. அதே கதைதான் இதுவும்.

ஆகவே குத்தகைக் காலம் நீண்டதாக இருக்க வேண்டும். உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கும், ஆயக்கட்டு விவசாயிகளின் குழுவுக்கும், மகளிர் குழுவுக்கும் முன்னுரிமை இருக்க வேண்டும். மடையைத் திறக்கும் பொறுப்பு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்திடம் மட்டுமே இருப்பது குத்தகை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். குத்தகைத் தொகையில் ஒரு பங்கு அதே ஏரியின் கரைக்கும் மடைக்கும் செலவாக வேண்டும். மடையை ஒட்டி ஓர் ஆழப் பள்ளம் எடுத்து வைத்தால், பாசனத்துக்குரிய தண்ணீர் முழுவதும் போன பிறகும் அங்கே மீன் உயிரோடு இருக்கும். யாரும் மடையைத் திருட்டுத்தனமாகத் திறக்க வேண்டிய அவசியம் நேராது. ஆயக்கட்டுக்காரருக்கே மீனில் பங்கு இருந்தால், தகராறில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

வெள்ளமும் வறட்சியும்

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது எத்தனையோ குளங்கள் குஞ்சு விடும் அளவுக்குக்கூட நிரம்பவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பேய்மழையில் குளங்கள் உடைத்துக்கொண்டன. இருந்த மீனும் வெள்ளத்தோடு போயிற்று. இந்த இரண்டுக்கும் இடையில்தான் தமிழ்நாட்டு மீன் விவசாயி காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. நட்டத்தைக் குறைக்க வழி உண்டு. முதல் மழையை நம்பி எல்லா விரலிகளையும் ஒரே நாளில் விடக் கூடாது. பாதியை முதலிலும், குளம் நிலையாக நின்ற பிறகு மீதியையும் விட வேண்டும். நாற்றங்கால் குட்டை கையில் இருப்பவருக்கு மட்டுமே இந்த வசதி கிடைக்கும்.

கலிங்கு வழியாக மீன் போகாதிருக்க மூங்கில் தட்டியோ கம்பித் தடுப்போ வைப்பது வழக்கம். நெருங்கிய கண்ணுள்ள வலையைக் கட்டக் கூடாது. செத்தையும் ஆகாயத் தாமரையும் வலையில் அடைத்து, நீர்மட்டம் ஏறி, கரைக்கே ஆபத்தாகும். பெருமழை எச்சரிக்கை வந்தால் தடுப்பையும் எடுத்துவிட வேண்டும். மீன் போனால் ஓராண்டு வருமானம் போகும். கரை போனால் ஊரே போகும்.

'களை மீன்' என்ற பெயர்

மீன் வளர்ப்பு நூல்களில் நாட்டு மீன்களுக்கு வெகு காலமாக ஒரு பெயர் உண்டு: களை மீன்கள். அயிரை, சிறு கெண்டை, ஆரல் முதலியவை, வளர்ப்பு மீனின் தீனியைப் பங்கு போடுகின்றன என்பதால் அவற்றை அழிக்கும்படி பரிந்துரைத்தார்கள். விரிவாக்கப் பணியாளர்களும் ஊர் ஊராகச் சென்று அதையே சொன்னார்கள். நாற்றங்கால் குட்டையைப் பொறுத்தவரை அது சரி. ஊர்ப் பொதுக் குளத்துக்கும் அதையே சொன்னது தவறு. அந்தத் தவறைத் திருத்த வேண்டிய பொறுப்பு அதைச் சொன்னவர்களுக்கே உரியது.

மதுரைச் சந்தையில் அயிரை மீன் விலையை விசாரித்தால் எது களை, எது பயிர் என்ற ஐயம் தீர்ந்துவிடும். கட்லாவைப்போல் பல மடங்கு விலைக்கு அது போகிறது. விலையைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. வளர்ப்பு மீன் வண்டி ஏறிச் சந்தைக்குப் போகிறது. சிறு மீன்தான் கூலி வேலை செய்யும் குடும்பத்தின் குழம்புச் சட்டிக்கு வருகிறது. முள்ளோடு தின்னும் அந்த மீனில் குழந்தைக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. மேய்ச்சலுக்குப் போன பையன் தூண்டிலில் நாலு கெண்டை பிடித்து வருவதும் ஓர் ஊரின் மீன் வருமானமே. அது எந்தக் குத்தகைக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவை நினைத்துப் பார்க்கலாம். கொடி அசைந்ததும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்று வட்டார மக்கள் அனைவரும் கண்மாயில் இறங்குகிறார்கள். விராலோ கெளுத்தியோ, கிடைத்தது அவரவருக்கு. விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோவதே வழக்கம். குளம் ஊருக்குப் பொது என்ற எண்ணத்தை ஆண்டுக்கு ஒரு நாளாவது நினைவூட்டும் அந்த வழக்கம் தொடர வேண்டும்.

நாட்டு மீன் அழிய வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. மின்கலத்தை வைத்து மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கிறார்கள். குஞ்சு முதல் சினை மீன் வரை அனைத்தும் செத்துப்போகின்றன. புது வெள்ளத்தில் வரத்துக் கால்வாய் வழியே முட்டையிட ஏறும் 'ஏத்து மீனை' ஒன்று விடாமல் மறித்துப் பிடிக்கிறார்கள். முதல் நாலு நாட்கள் அவற்றை விட்டுவைத்தால் ஆண்டு முழுவதும் பலன் கிடைக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் திருட்டுத்தனமாக வளர்த்து, அது வெள்ளத்தில் தப்பி ஏரிகளில் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கிறது. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்துச் சலித்தவர்கள் ஆற்றில் விட்ட 'டேங்க் கிளீனர்' மீன், இன்று வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டும் அகப்பட்டால் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது. உண்மையான களை மீன்கள் இவைதாம்.

ஒரே வாரத்தில் விற்பனை

ஆண்டு முழுவதும் பாடுபட்டு வளர்த்த மீனை ஒரே வாரத்தில் விற்பது நம் பழக்கம். சுற்று வட்டாரத்தில் எல்லாக் குளங்களும் ஒரே சமயத்தில் வற்றுகின்றன. எல்லா மீனும் ஒரே சந்தைக்கு வருகிறது. விலையைச் சொல்பவர் வியாபாரி, கேட்டுக்கொள்பவர் விவசாயி. கையில் பனிக்கட்டி இல்லை. வைத்திருந்து விற்க வழியில்லை.

இதற்கு மாற்று, படிப்படியாகப் பிடிப்பது. ஆறாம், ஏழாம் மாதத்தில் முந்தி வளர்ந்த மீன்களை மட்டும் பெரிய கண் வலையால் எடுத்து விற்றால், இடம் கிடைத்த சிறு மீன்கள் வேகமாக வளரும். கையில் பணமும் முன்னதாக வரும். உயிர் மீனாகக் குளக்கரையிலேயே விற்றால் சந்தைக்குப் போகும் செலவும் மிச்சம். அனுப்பத்தான் வேண்டுமென்றால் மீனுக்குச் சம எடை பனிக்கட்டி இட வேண்டும். பனிக்கட்டியில் மிச்சம் பிடிப்பவர் விலையில் இழப்பார்.

நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது கடல் மீன் வரத்துக் குறைந்து, குளத்து மீனைத் தேடி வருவார்கள். பங்குனியில் அவசரப்பட்டு வலை இழுப்பதற்குப் பதில், ஆழப் பள்ளத்திலோ கிணற்று வசதியுள்ள குட்டையிலோ மீனைத் தடைக்காலம் வரை வைத்திருக்க முடிந்தவருக்கு நல்ல விலை கிடைக்க வாய்ப்பு உண்டு. மாறாக, புரட்டாசியில் பலரும் புலால் உண்பதில்லை. அம்மாதத்தில் பெருமளவு பிடித்தால் நட்டமே.

பணத்துக்குக் கந்துவட்டிக்காரரிடமும், முன்பணம் தந்து விலையைக் கட்டுப்படுத்தும் வியாபாரியிடமும் போவதைத் தவிர்க்க வழிகள் பிறந்திருக்கின்றன. உழவர் கடன் அட்டை வசதி 2018-19 முதல் மீன் வளர்ப்போருக்கும் நீட்டிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவிகிதம், ஏனையோருக்கு 40 சதவிகிதம் என்று மானியம் வகுக்கப்பட்டது. நடப்பு ஆண்டில் எந்தெந்த இனத்துக்கு உதவி உண்டு என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். மானியம் வருகிறதே என்று குட்டை வெட்டுவது சரியன்று. தண்ணீரும் ஆளும் இருந்தால் மட்டுமே வெட்ட வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று

இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு சிறிய செயல்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, குளத்து வரவு செலவுக்கென்றே வைக்க வேண்டும். குஞ்சு வாங்கிய தேதி, இனம், நீளம், எண்ணிக்கை. வந்து சேர்ந்தபோது செத்தது எத்தனை. சுண்ணாம்பும் சாணமும் இட்ட தேதி. மாதம் ஒரு முறை பார்த்த எடை. கலிங்கு போன நாட்கள். நோய் தென்பட்ட நாள். பிடித்த தேதிவாரியாகக் கிலோ, விலை, வாங்கியவர். பள்ளிக்குப் போகும் பிள்ளை இதை எழுதிக் கொடுக்கும்.

ஆண்டு முடிவில் மூன்று கேள்விகளுக்கு அந்த நோட்டு விடை சொல்லும். விட்ட குஞ்சில் நூற்றுக்கு எத்தனை கைக்கு வந்தது? ஒரு கிலோ மீனுக்கு எவ்வளவு செலவானது? முதலில் விற்ற மீனுக்கும் கடைசியில் விற்ற மீனுக்கும் விலை வித்தியாசம் என்ன? முதல் விடை குறைவாக இருந்தால் குறை குஞ்சில் இருக்கிறது. இரண்டாவது அதிகமாக இருந்தால் குறை தீனியில் இருக்கிறது. மூன்றாவதில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் குறை விற்பனையில் இருக்கிறது. "மீன் சரியில்லை" என்ற பேச்சுக்கு அதன் பிறகு இடமிருக்காது.

பொதுக் குளமானால் இந்த நோட்டு ஊர்ச் சாவடியில் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். குத்தகைத் தொகை எவ்வளவு, அதில் கரைக்குச் செலவானது எவ்வளவு என்பது கடைசிப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் சண்டை குறையும்.

சித்திரையில் வற்றிய குளம் இப்போது வெடித்துக் கிடக்கலாம். மீன் ஆண்டைப் பொறுத்தவரை இது ஓய்வுக் காலமன்று. வண்டல் அள்ளவும், கருவேலை வேரோடு எடுக்கவும், மடைப் பள்ளத்தை ஆழப்படுத்தவும் இதுவே தருணம். ஆடி பிறப்பதற்குள் குட்டை தயாராகிவிட்டால், ஐப்பசியில் முதல் மடை நீர் வரும்போது கையில் விரலி இருக்கும். வரும் ஆண்டின் கணக்கு அந்த நாளிலேயே பாதி எழுதி முடிந்துவிடும்.